பட்டை பார்த்து நோய் சொன்ன மரபு

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், உப்பனாற்றுக்கு அருகாக அமைந்திருக்கும் குடிகாடு முதலிய ஊர்களில், வீட்டின் பின்புறத்துக் கொல்லையில் ஒரு வேம்போ பூவரசோ பலாவோ புளியோ நிற்காத மனையை முழுமை பெற்ற மனையாக முன்னோர் கருதியதில்லை. நிழலும் காயும் தருவதோடு, கன்றுகாலி கட்டுவதற்குத் தறியாகவும், குழந்தைக்குத் தூளி கட்டக் கிளையாகவும், காலம் வந்தபோது மகளின் கலியாணத்துக்குக் கட்டிலும் பெட்டியுமாகவும் உதவக்கூடிய அம்மரம் குடும்பத்தின் ஆஸ்தியாகவே எண்ணப்பட்டமையால், அதன் அடிமரத்தில் பட்டை வெடித்து விலகினாலும், பிசின் வடிந்தாலும், உளுத்த தூள் உதிர்ந்து வேர்ப்பக்கம் குவிந்தாலும், அதை ரோகமென்று கண்டு, காரணம் விசாரித்து, இயன்ற பரிகாரம் தேடும் பழக்கமும் அக்குடும்பங்களில் இருந்துவந்தது. அந்தப் பழக்கத்தின் சரித்திரம் இலக்கண நூலிலும், சோதிட நூலாசிரியர் ஒருவருடைய சம்ஹிதையிலும், தச்சுப் பட்டறையிலும், நாட்டு மருந்துக்கடையிலும், சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒருங்கே சேர்த்துப் பார்க்கும்போது, மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் இவ்வளவு பேரும் உழைத்திருக்கிறார்கள் என்பது புலனாகிறது.

விருட்சத்துக்கு மரியாதை செய்வது இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. கடலூரின் பழைய தலமான திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரியும், சிதம்பரத்துக்குத் தில்லையும் தல விருட்சங்கள். இரண்டு ஊர்களும் தத்தம் மரத்தின் பெயராலேயே வழங்கின. அம்பிகை பாதிரியின் அடியில் தவம் புரிந்தாள் என்று பாடலீசுவரர் கோயிலின் தலபுராணம் கூறும். தில்லையோ இன்று சிதம்பரம் நகருக்குள் வனமாக இல்லை. கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில்தான் அதைக் கூட்டமாகக் காணவேண்டும். பட்டையைக் கீறியவுடன் பெருகும் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு விளையும் என்பது அக்காட்டில் புழங்குவோர் அறிந்த செய்தி. ஆங்கிலேயரும் அதைக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்றே அழைத்தனர். பட்டைக்கு அடியில் ஏதோ ஒன்று இடையறாது ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஊறு செய்தால் மரம் எதிர்வினை புரிகிறது என்னும் உண்மையைத் தில்லை எந்தப் புத்தகத்தின் உதவியும் இல்லாமல் பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது.

அந்த உண்மையைச் சார்ந்த ஒரு வகுப்பு முறையைத் தமிழுக்குத் தந்தவர் தொல்காப்பியர். மரபியலில் அவர் தாவரங்களை இரண்டு கூறாக்கி, புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். தென்னையும் பனையும் மூங்கிலும் முதல் வகுப்பில் அடங்கும். வேம்பும் புளியும் பலாவும் மாவும் இரண்டாவதில் அடங்கும். சொல்மரபு காட்டவந்த நூலில் இது இடம்பெற்றிருப்பினும், கொல்லை மரத்துக்கு நோய் பார்ப்பவன் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியும் இதுதான். அகத்தே வயிரம் பாய்ந்த மரத்தில் உள்நடுவில் உள்ள கட்டை பாரம் தாங்குமேயன்றி நீரையோ உணவையோ கொண்டுசெல்வதில்லை. வேர் உறிஞ்சிய நீர் வயிரத்துக்கு வெளியே இருக்கும் வெளிறிய கட்டை வழியாக மேலேறுகிறது. இலை சமைத்த உணவு பட்டையின் உட்புறம் வழியாகக் கீழிறங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, நகத்தால் கீறினால் ஈரமாக ஒட்டும் மெல்லிய படலம் ஒன்றே ஆண்டுதோறும் உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் புதிதாக உண்டாக்குகிறது. ஆகவே இவ்வகை மரம் நடுவில் பொந்து விழுந்து ஒரு மனிதன் உள்ளே புகுந்து நிற்கும்படி ஆனபின்னும் தழைத்துக் காய்க்கும்; ஆனால் விரலகலம் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால், உள்ளே வயிரம் இரும்புபோல் இருந்தாலும் நாளடைவில் பட்டுப்போகும். தென்னைக்கும் பனைக்கும் உரிக்கத்தக்க பட்டையோ அவ்விதப் படலமோ கிடையாது. அவற்றில் நீரும் உணவும் செல்லும் நரம்புகள் தண்டு முழுவதிலும் பரவியிருக்கின்றன. வெட்டுப்பட்ட இடம் மூடிக்கொள்வதில்லை. உயிர்நிலை உச்சிக் குருத்தில் இருக்கிறது. கோதாவரிக் கழிமுகத்தில் பனைகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த பட்லர் என்னும் பூஞ்சண சாஸ்திரி, குருத்து அழுகலே அதற்குக் காரணம் என்று கண்டது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

பட்டையே உணவுப்பாதை என்ற இரகசியத்தை ஐரோப்பா சோதனை வழியாக அடைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியரான மால்பிகி கிளைகளில் பட்டையை வளையமாக எடுத்துவிட்டு, வளையத்துக்கு மேற்புறம் வீங்குவதையும் கீழ்ப்புறம் வளர்ச்சி குன்றுவதையும் கண்டு, உணவு மேலிருந்து கீழே பட்டை வழியாக வருகிறதென்று ஊகித்தார். 1837-இல் தியோடோர் ஹார்ட்டிக் என்ற ஜெர்மானியர் உட்பட்டையிலுள்ள சல்லடைக் குழாய்களைக் கண்டுபிடித்தார். அவருடைய மகன் ராபர்ட் ஹார்ட்டிக், 1874-இல் வெளியிட்ட நூலில், மரத்தின் மேல் முளைக்கும் காளானும் உட்கட்டையில் காணும் அழுகலும் ஒரே உயிரின் இரு வடிவங்கள் என்பதை நிலைநாட்டினார். அதற்குமுன், கட்டை தானாகவே கெட்டுப்போகிறது, கெட்டபின் காளான் பூக்கிறது என்று கற்றோரும் எண்ணியிருந்தனர். உயிர்ப்பாதையைத் தந்தையும் அழிவுப்பாதையை மகனுமாகக் கண்டறிந்த இக்குடும்பத்துக்கு மரங்களை நேசிக்கும் எவரும் கடமைப்பட்டவர்.

நம் நாட்டில் இவ்விஷயத்தைப் பேசிய நூல்களுள் பழமையானதும் சுருக்கத்தால் சிறந்ததும், ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரருடைய பிருகத் சம்ஹிதையில் உள்ள விருட்சாயுர்வேத அத்தியாயம். குளிர், காற்று, வெயில் ஆகியவற்றால் மரங்களுக்கு நோய் வருகிறதென்றும், இலை வெளுத்தல், தளிர் வளராமை, கிளை உலர்தல், சாறு வடிதல் ஆகியவை அதன் இலட்சணங்கள் என்றும் அவர் எண்ணிச் சொல்கிறார். சிகிச்சை அதைவிடச் சுருக்கம்: பழுதுபட்ட இடத்தை முதலில் கத்தியால் சுத்தம் செய்யவேண்டும், பின் வாய்விடங்கமும் நெய்யும் சேறும் கலந்து பூசவேண்டும், பால் கலந்த நீரை ஊற்றவேண்டும். இந்நூலையே வேறோரிடத்தில் நோக்கினால், விக்கிரகம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குச் செல்பவன் தள்ளவேண்டிய மரங்களின் பட்டியல் ஒன்று கிடைக்கிறது. இடி விழுந்தது, காற்றில் முறிந்தது, தீயில் வெந்தது, யானை ஒடித்தது, கொடி சுற்றியது, தேன்கூடு கட்டியது, தானாக உலர்ந்தது ஆகிய யாவும் அதில் அடங்கும். சமய விதியாகத் தோன்றும் இப்பட்டியலை நிதானமாக வாசித்தால், பட்டை கிழிவதற்கும் அழுகல் உட்புகுவதற்கும் ஏதுவான காரணங்களே பெரும்பாலும் அதில் நிறைந்திருப்பது தெரியும். தேனீக்களில் ஒரு வகை பொந்தில்தான் கூடு கட்டும் என்பது அதற்கு ஒரு சான்று.

பிற்காலத்தில் பீமபாலன் என்னும் அரசனுடைய சபையிலிருந்த சுரபாலர் 325 சுலோகங்களில் விருட்சாயுர்வேதத்தைத் தனிநூலாகவே செய்து, மனிதனுக்குப்போல மரத்துக்கும் வாத பித்த சிலேட்டும பேதங்களைக் கற்பித்தார். அதன் பிரதி ஆக்ஸ்போர்டு நகரத்துப் போட்லியன் புத்தகசாலையில் கிடந்து, நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1996-இல் செகந்திராபாத்திலுள்ள ஆசிய வேளாண் வரலாற்று நிறுவனத்தால் வெளியிடப்பெற்றது. காற்றில் பிளந்த மரத்துக்கு அத்தி முதலியவற்றின் பட்டையை அரைத்து நெய், தேன், பால் இவற்றோடு குழைத்துப் பூசி, நெல்தாளால் முறுக்கிய கயிறுகொண்டு பிளவை இறுக்கிக் கட்டி, அடியில் புதுமண் இட்டு நீர்பாய்ச்சுமாறு அவர் கூறுவதில், பூச்சின் மகிமை எப்படியாயினும், பிளவை உடனே சேர்த்துக் கட்டுதலும் வேருக்குப் புதுமண்ணும் நீரும் தருதலும் இன்றைக்கும் செல்லுபடியாகும் புத்திமதிகள். முப்பிணிக் கோட்பாட்டை மரத்தின்மேல் ஏற்றியதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆனால் கத்தியை முதலில் வைத்து மருந்தைப் பின்னால் வைத்த அந்த வரிசை, நேரில் பார்த்துப் பழகியவர்களுடைய வரிசை என்பதில் ஐயமில்லை.

ஏட்டுக்கு வெளியே, இக்கலையைத் தினமும் பயின்றவர் ஆசாரியார். கடலூர்த் துறைமுகத்தில் தோணி கட்டிய தச்சரும், கிராமத்தில் ஏரும் வண்டியும் செய்த தச்சரும், நிற்கின்ற மரத்தை விலை பேசுமுன் அதைச் சுற்றிவந்து, வாய்ச்சியின் பின்புறத்தால் அடிமரத்திலிருந்து ஆளுயரம்வரை தட்டிப் பார்ப்பர். கெட்டியான இடம் கணீரென்றும், உட்கெட்ட இடம் பொத்தென்றும் ஒலிக்கும். கிளை முறிந்த பழைய வாயில் கட்டெறும்பு சாரை சாரையாக நுழைந்தால் உள்ளே ஈரப்பொந்து உண்டென்றும், மரங்கொத்தி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நாடினால் உள்ளே புழு உண்டென்றும், வேர்ப்பக்கத்தில் காளான் தட்டுத்தட்டாகப் புடைத்தால் அந்த மரம் தூணுக்கு உதவாதென்றும் அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் தேடியது கட்டையின் நலத்தை. மரத்தின் நலத்தை அன்று. ஆகவே பொந்து விழுந்த மரம் என்றாலே பயனற்றது என்ற தீர்ப்பு பட்டறையிலிருந்து கிளம்பி வீட்டுக்காரர் மனத்திலும் ஊறிவிட்டது. கட்டைக்குப் பொருந்தும் அத்தீர்ப்பு உயிரோடு நிற்கும் மரத்துக்குப் பொருந்தாது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. அது பட்டையை அலட்சியம் செய்வது. வேம்பின் பட்டையும் மருதின் பட்டையும் மருந்துக்கும், பாதிரியின் வேர்ப்பட்டை தசமூலத்துக்கும், ஆவாரம்பட்டை தோல் பதனிடவும் வேண்டியிருந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து சீமைப்பட்டை கப்பலில் வந்து இறங்கும்வரை சென்னை இராஜதானியின் தோல் வியாபாரம் பெரும்பாலும் ஆவாரையை நம்பியே நடந்தது. நூல் வலைகள் இருந்த காலத்தில், மீன்பிடிக்கும் கரையோரங்களில் அவை உழைப்பதற்காகத் துவர்ப்புப் பட்டைகளைக் காய்ச்சிய கஷாயத்தில் தோய்த்து உலர்த்துவதும் வழக்கம். பழகிய கை ஒரு பக்கத்தில் நெடுக்காகக் கீறி, உள்தோலைத் தொடாமல் மேற்பட்டையை எடுக்கும். பழகாத கையோ எட்டிய உயரத்தில் சுற்றிலும் உரித்துக்கொண்டு போய்விடும். ஊர்ப்பொது வேம்புகளில் பலவற்றுக்கு இடுப்பளவில் காணும் வடு அவசர மருந்து தேடியவர்களால் வந்தது.

காய்க்காத மரத்தைக் கோடரி காட்டி மிரட்டுவது, ஆணி அடிப்பது, பழைய விளக்குமாறு கட்டுவது ஆகிய பழக்கங்களைக் கற்றவர் எள்ளுவர். அவற்றுள் அடிமரத்தில் ஆங்காங்கே கொத்திவிடுவது என்ற ஒன்றை மட்டும் எள்ளுதல் கூடாது. பட்டையில் சிறு காயம் பட்டால் கீழிறங்கும் உணவு தடைப்பட்டு மேற்பகுதியில் தங்குவதால் மரம் பூக்கத் தூண்டப்படும். மால்பிகி கண்ட வீக்கத்தின் பயன் அதுவே. ஆனால் கொத்திய வாய் அழுகலுக்கும் வண்டுக்கும் திறந்த வாசல் ஆகிவிடுமாதலால், ஓராண்டுக் காய்ப்புக்காகப் பத்தாண்டு ஆயுளைக் கொடுத்ததாகவும் முடிவதுண்டு. பலாவில் இது மிகவும் பொல்லாதது. பலா தன் பழத்தைக் கிளை நுனியில் தாங்காமல் அடிமரத்தின் பட்டையிலிருந்தே தள்ளுகிறது; ஆகவே பட்டை செத்த பக்கத்தில் பழமும் இல்லை. பழத்தைக் கையால் முறுக்கிப் பிடுங்கும்போது காம்போடு பட்டையும் கிழிந்து வருவதும், கிழிந்த குழியில் மழைநீர் தேங்கி அழுகல் தொடங்குவதும் பண்ருட்டிப் பக்கத்துக் கொல்லைகளில் கண்கூடு. அரிவாளால் காம்பை அறுத்து இறக்குவோருடைய மரம் நெடுங்காலம் காய்க்கிறது.

பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் கேப்பர் மலையிலிருந்து மேற்கே விரியும் செம்மண் மேட்டின் செல்வங்கள். நில நூலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட பாறையின்மேல் படிந்த அம்மண் ஆழமானது, நீரைத் தேக்காதது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த முந்திரி, இங்கே காடென்றே சொல்லத்தக்கவாறு பெருகியது. அதன் சத்துரு தண்டு துளைக்கும் ஒரு வண்டு. தரையை ஒட்டிய பட்டை வெடிப்பில் அது முட்டையிட, புழு உட்புகுந்து பட்டைக்கும் கட்டைக்கும் இடையே குடைந்து குடைந்து செல்கிறது. வெளியே சிறு துளையும், தூள் கலந்த பிசினும் மட்டும் தெரியும். இலை மஞ்சளிக்கும்போதோ காரியம் மிஞ்சிவிடுகிறது. முந்திரி ஆராய்ச்சியாளர் வகுத்த விதி ஒன்று எல்லாக் கொல்லை மரத்துக்கும் வழிகாட்டத் தக்கது: அடிமரச் சுற்றளவில் பாதிக்குமேல் பட்டை அழிந்து, தலையும் மஞ்சளித்துவிட்டால், அம்மரம் பிழைக்காது, வேரோடு அகற்றி மற்றவற்றைக் காக்கவேண்டும். பாதிக்குக் குறைவானால் உளியால் செதுக்கிப் புழுவை எடுத்து மரத்தைப் பிழைக்கவைக்கலாம். உள்ளே எவ்வளவு கட்டை போயிற்று என்று கேளாமல், வெளியே எவ்வளவு பட்டை மிஞ்சிற்று என்று கேட்கும் இவ்விதி, நம் பழந்தீர்ப்பைத் தலைகீழாக மாற்றியமைத்துவிட்டது.

1905-இல் தொடங்கிய பாலூர் ஆராய்ச்சி நிலையமும், விருத்தாசலத்து நிலையமும் இச்சீமைக்குக் கிடைத்த பாக்கியங்கள். பாலூர் 1 என்ற பலா வகை பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. ஓர் ஊர்க் கொல்லையின் ஒற்றை மரம் ஒரு வகைக்கே தாயாக முடியுமென்றால், நோயுற்றது என்ற ஒரே காரணத்தால் ஆராயாமல் வெட்டிச் சாய்த்த மரங்களோடு என்னென்ன குணங்கள் மறைந்தனவோ என்ற ஏக்கம் எழாமல் இராது.

மேல்நாட்டில் புண் ஆற்றும் பூச்சுக்களின் கதை இங்கு சொல்லத்தக்கது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டத் தலைவர் வில்லியம் ஃபோர்சைத், பசுஞ்சாணமும் பழஞ்சுண்ணாம்பும் மரச்சாம்பலும் மணலும் கலந்த ஒரு பூச்சு பொந்து விழுந்த மரத்தையும் புதுக்கும் என்று 1791-இல் அறிவித்து, கப்பலுக்குக் கருவாலி தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் சர்க்காரிடம் பரிசும் பெற்றார். அவர் காலத்திலேயே தோட்டக்கலை அறிஞர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் அதை வன்மையாக மறுத்தார். நம் ஊர்களில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசும் பழக்கத்துக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. 1880-களில் பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகரை அடுத்த பகுதியில், திருடரை அஞ்சவைக்கச் சாலையோரத் திராட்சைக்குத் தெளித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் நோயையும் தடுத்ததைத் தாவர சாஸ்திரி மில்லார்தே கவனித்தார். போர்டோக் கலவை பிறந்தது. 1901-இல் அமெரிக்காவில் ஜான் டேவி மரவைத்தியம் பற்றி நூல் எழுதி, பொந்தைச் சிமெண்டால் அடைக்கும் முறையைப் பரப்பினார். இத்தகைய பூச்சுக்களையும் அடைப்புகளையும் பரீட்சித்தவர் மர ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை இயந்திர ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்த அவர், காயம்பட்ட கட்டையை மரம் புதுப்பிப்பதில்லை என்றும், காயத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர்களை எழுப்பி அழுகலை அந்த அறைக்குள்ளேயே அடைத்துவைத்து அதன்மேல் புதுக்கட்டை வளர்க்கிறது என்றும் 1977-இல் விளக்கினார். சிமெண்ட் அடைக்கப் பொந்தைச் சுரண்டும்போது அந்தச் சுவரே உடைந்து அழுகல் நல்ல கட்டைக்குள் புகும். பூச்சு எவ்வளவு பூசினும் அழுகலை நிறுத்தாது. நம் கோயில்களிலும் சாலைகளிலும் பழமரங்களின் பொந்தில் சிமெண்ட் வைத்து அடைப்பதைக் காணும்போதெல்லாம், நல்லெண்ணத்தால் விளையும் இத்தீங்கை எண்ணி மனம் வருந்துகிறது.

நடுமரம் போனாலும் மரம் வாழும் என்பதற்குக் கல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரத் தோட்டத்து ஆலமரத்தைக்காட்டிலும் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் காயமுற்று, பூஞ்சணம் பற்றிய அதன் தாய்மரம் 1925-இல் அகற்றப்பட்டது. விழுதுகளின்மேல் அம்மரம் இன்னும் பரந்து நிற்கிறது. சென்னை அடையாற்று ஆலும் 1989-ஆம் ஆண்டுக் காற்றில் நடுமரத்தை இழந்தபின் அவ்வாறே நிற்கிறது.

தென்னைக்கு வேறு கதை. அடித்தண்டின் வெடிப்பிலிருந்து செம்பழுப்பான சாறு வடியும் நோயை 1906-இல் இலங்கையில் பெட்ச் என்னும் பூஞ்சண சாஸ்திரி விவரித்தார். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சைக் கரையோரங்களில் தோன்றிய வாடல் நோயிலும் அடித்தண்டில் சாறு வடியும். முற்றியபின் அடியில் காளான் முளைக்கும். இரண்டும் தண்டின் வெளிப்புறத்தில் தெரிந்தாலும், பின்னது வேரிலிருந்து வருவதாகையால், வேப்பம்பிண்ணாக்கு இடுவதும் வேருக்குப் போர்டோக் கலவை ஊற்றுவதும்தான் பயன் தரும். தண்டைச் சுரண்டுவதால் பயனில்லை.

அண்மைக்காலத்தில் இக்கரையோரம் பட்ட அவதி பெரிது. 2004 டிசம்பர் 26-இல் கடல்நீர் ஏறிய கொல்லைகளில் உப்பு வேரைச் சுட்டது. 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல் பலாவையும் முந்திரியையும் பரக்கச் சாய்த்தது. சாயாமல் நின்றவற்றிலும் கிளை கிழிந்த இடங்களில் தொடங்கிய அழுகல், புயலை எல்லோரும் மறந்தபின் பட்டை கழன்று விழும்போதுதான் வெளியே தெரிவது. குடிகாட்டைச் சூழ்ந்து 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி மக்கள் இடைவிடாது முறையிட்டுவருவது யாவரும் அறிந்தது. அந்த முறையீட்டுக்கு வலுச்சேர்ப்பதும் சரியான நோய்க்கணிப்பே. காற்றால் வந்த கேடு இலை ஓரத்தில் முதலில் கருகலாகத் தோன்றும். ஒரே திசையில் உள்ள பலவகை மரங்களையும் ஒன்றாகத் தாக்கும். ஒரு மரத்தின் ஒரு பக்கத்துப் பட்டை மட்டும் கழன்றால் காரணத்தை அந்த மரத்தடியிலேயே தேடவேண்டும்.

தேடும் முறை எளிது. மருதும் கொய்யாவும் தைலமரமும் இயல்பாகவே தோலுரிப்பவை. உரிந்த இடத்தில் வழுவழுப்பான புதுப்பட்டை இருந்தால் அச்சமில்லை. சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் மரப்பாசி தீங்கு செய்யாது. செல் மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் செத்த மேற்பட்டையை மட்டுமே அது தின்றிருக்கும். பட்டையைக் கத்தி நுனியால் கடுகளவு சுரண்டினால் பச்சையும் ஈரமும் தெரிவது உயிருள்ள இடம். பழுப்பாகி உலர்ந்தது செத்த இடம். செத்த இடத்தின் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, சுற்றளவில் எத்தனை பங்கு என்று கயிறு கொண்டு அளக்கவேண்டும். மேல்திசை வெயில் படும் பக்கம் மட்டும் வெடித்திருந்தால், அண்டை மரத்தை வெட்டியதாலோ சுவர் இடித்ததாலோ புதிதாக வெயில் பட்டிருக்கும். மாட்டுக் கயிறு, துணிக்கொடிக் கம்பி, பட்டை கடிக்கும் ஆடு, அடிமரத்தைச் சுற்றிக் குவித்த மண், முற்றத்துக்காக ஒட்டப் போட்ட சிமெண்ட் தளம் ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் அகப்படும். இக்காலத்துக் கொல்லை மரங்களுக்கு அந்தச் சிமெண்ட் தளத்தைப்போன்ற சத்துரு வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். வேர்க்கழுத்து மூச்சடைத்து ஈரத்தில் அழுகி, மேலே பட்டை கழலுவதற்குள் ஆண்டுகள் சில கடந்துவிடுமாதலால், காரணத்தை யாரும் நினைவுகூர்வதில்லை.

கழன்ற பட்டையை உயிருள்ள ஓரம்வரை கூரிய கத்தியால் ஒழுங்காகச் செதுக்கிவிட்டு, உயிருள்ளதைத் தொடாமல் நிறுத்திக்கொள்ளவேண்டும். வண்டுத் தொல்லையுள்ள முந்திரி, மா போன்றவற்றுக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் நீர் என்ற கணக்கில், இரும்புப் பாத்திரம் தவிர்த்துக் கலந்த போர்டோப் பசையைத் தடவுவது நல்லது. கலவையில் கத்தியை நனைத்தால் செம்பு படியுமானால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். பொந்து வீட்டின்மேல் சாயக்கூடிய பக்கத்தில் இருந்தால் மட்டும் அதை அளந்து பார்த்து, சுற்றிலும் மிஞ்சிய கெட்டிக்கட்டையின் கனம் அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்திருந்தால், அறிந்தவரைக் கொண்டு தலையைக் குறைக்கவோ மரத்தை இறக்கவோ செய்யலாம்.

ஆகவே, கொல்லையில் முதுமரம் உடையவர்களுக்கு என் வேண்டுகோள் இது: மரம் வெட்டுபவரை அழைக்குமுன் ஒரு முறை அடிமரத்தைச் சுற்றிவந்து பட்டையை அளந்து பாருங்கள், பாதிக்குமேல் பச்சையாக இருந்தால், அடியிலுள்ள சிமெண்டைப் பெயர்த்து, கம்பியை அறுத்து, நீர் ஊற்றி, அடுத்த மழைக்காலம்வரை அதற்குத் தவணை கொடுங்கள்.